நூறு பஸ்கியும் பதினைந்து நிமிட நடையும்

இருபத்து நான்கு வயதில், ஒரு மார்கழிக் காலையில், மொட்டை மாடியில் நின்று ஒரே மூச்சில் நூறு பஸ்கி, அதாவது உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பயிற்சி, போட்டேன். அதற்கு முன் ஐந்தாறு வருடமாக உடம்பை வளைத்து எதுவும் செய்ததில்லை. முடித்தபோது தொடை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அன்று முழுக்க சந்தோஷமாகத் திரிந்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் தொடையின் முன்பக்கம் இழுத்துப் பிடித்தது. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினேன். ஏறுவதில் அவ்வளவு சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. அம்மா கீழே நின்று பார்த்துவிட்டு, "என்னடா, எங்கயாவது விழுந்துட்டியா?" என்று கேட்டார்.

வலி முழுதாகப் போக ஐந்து நாள் ஆயிற்று. அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் பஸ்கி பக்கமே போகவில்லை. இப்போது நினைத்தால் அந்த வலியைவிட அந்த வருடம்தான் உறுத்துகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் பத்துப் பத்தாகப் போட்டிருந்தால்கூட வருடத்துக்கு 1,800 பஸ்கி ஆகியிருக்கும். கிடைத்தது நூறு.

உடற்பயிற்சியை ஆரம்பிக்கிற எல்லோருக்கும் வரும் கேள்வி இது. கடுமையாகச் செய்வதா, விடாமல் செய்வதா? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால்தான் அந்தப் பதில் மனதில் நிற்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களையும் தெளிவாக்கிக்கொள்வோம். தீவிரம் என்பது, செய்கிற அந்த நேரத்தில் உடம்பு எவ்வளவு சிரமப்படுகிறது என்பது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், வாய் போதும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான தீவிரம். நாலு வார்த்தை சொல்வதற்குள் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் கடும் தீவிரம். தாராளமாகப் பாட்டே பாடலாம் என்றால் லேசான நடை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் இதற்கு 6 முதல் 20 வரை ஒரு அளவுகோலே போட்டுக் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருப்பது 6, இதற்குமேல் முடியவே முடியாது என்பது 20. ஏன் 6-இல் தொடங்குகிறது என்றால், நாம் சொல்கிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு தோராயமாக வந்துவிடும். "எனக்கு 13 மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவர் இதயம் நிமிடத்துக்கு 130 முறை சுமாராகத் துடித்துக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது இது மாறும். ஆனாலும் உடம்பு சொல்வதை நம்பலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

தொடர்ச்சி என்பது வாரத்தில் எத்தனை நாள், அப்படி எத்தனை வாரம் என்பது. ஒரு நாள் எவ்வளவு செய்தோம் என்பதை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு கண்ணிலேயே படாது.

சரி, எனக்கு ஏன் இறங்கும்போது மட்டும் அப்படி வலித்தது? பஸ்கியில் கீழே உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது. படி இறங்கும்போதும் அதே வேலைதான். தசை சுருங்கிக்கொண்டு செய்யும் வேலையைவிட, நீண்டுகொண்டு செய்யும் வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே வராது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். வலி வந்தால்தான் பயிற்சி பலித்தது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது தவறு. பழக்கமில்லாத வேலையைச் செய்தோம் என்பதற்கு மட்டுமே அந்த வலி அடையாளம்.

இதில் ஆரம்பிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அருமையான விஷயம் ஒன்று உண்டு. அதே பயிற்சியை ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே தடவையில் தசை பாடம் படித்துவிடுகிறது. முதல் தடவை செய்தது கொஞ்சமாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு கிடைக்கிறது. அதாவது முதல் நாள் பத்துப் பஸ்கியோடு நிறுத்தியிருந்தால், அடுத்த வாரப் பதினைந்துக்கு என் தொடை தயாராகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழக்கமில்லாத உடம்பில் முதல் நாளே எல்லை மீறினால், சிலருக்குத் தசை இழைகள் அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தசை வீங்கித் தாங்க முடியாத வலி இருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனால் நடக்கிறது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் நடக்கிறது.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். பயிற்சி செய்யும்போது உடம்பு பலமாவதில்லை. அப்போது அது களைக்கிறது. பிறகு நாம் சாப்பிட்டு, தூங்கி, ஓய்வெடுக்கும்போதுதான், அடுத்த தடவை இந்தச் சுமை வந்தால் தாங்குகிற மாதிரி தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்தத் திருத்த வேலையை உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் செய்வதில்லை.

ரத்தம் முந்திக்கொள்ளும். நடையோ ஓட்டமோ ஆரம்பித்த முதல் வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கிவிடும், அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கொஞ்சம் அதிகமாக ரத்தம் தள்ளும். அடுத்தது நரம்பு மண்டலம். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை கூடிக்கொண்டே போகும், ஆனால் கையைப் பார்த்தால் அதே கைதான். இருக்கிற தசையைச் சேர்த்து வேலை வாங்க மூளை கற்றுக்கொண்டதால் வந்த பலம் அது. தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக இன்னும் சில வாரங்கள் ஆகும். ஜான் ஹொல்லோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1967-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்து இதை முதலில் தெளிவாகக் காட்டினார். எல்லாவற்றிலும் பின்தங்கி வருவது தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறுகள். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் தடிமனாக ஒன்று தட்டுப்படுமே, அது ஒன்று. முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. இவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. இவை கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டோடு சேர்ந்து கோயிலுக்கு நடந்து போகிறோம் என்றால், பாட்டியின் நடைதான் எல்லோருக்கும் நடை. பயிற்சியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், பலம் கூடின மாதிரி இருக்கும், உற்சாகம் பொங்கும். இதயமும் நரம்பும் "போகலாம் போகலாம்" என்று சொல்லும்போது, குதிகால் நாணும் முழங்கால் நாணும் இன்னும் தெருமுனையிலேயே வந்துகொண்டிருக்கும். புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள் பலர் முதல் நாளில் அல்லாமல் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் முழங்கால் வலி, குதிகால் வலி என்று உட்கார்ந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆரம்பிப்பவருக்குத் தொடர்ச்சிதான் முதலில் என்று நான் சொல்வது ஒழுக்கத்தைப் பற்றிய அறிவுரை இல்லை. மெதுவாகப் பழகும் உறுப்புகளுக்கு அவகாசம் கொடுப்பதற்கு வேறு வழி கிடையாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொடர்ச்சியின் அருமை இன்னும் நேரடியாகத் தெரியும். நம் பக்கத்தில் அது இல்லாத வீடு அபூர்வம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். வேலை செய்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நன்றாக உறிஞ்சும், இன்சுலினும் அதில் நன்றாக வேலை செய்யும். இந்த நன்மை ஒருமுறை பயிற்சி செய்த பிறகு ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அப்புறம் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க விளையாடியதன் பலன் புதன்கிழமை இட்லிக்கு உதவாது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியில்லாமல் விடாதீர்கள் என்று சொல்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் நேரம் என்கிறவர்களைப் பற்றிப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வாரத்துக்கு வேண்டிய நேரத்தை அந்த இரண்டு நாளில் முடித்தவர்களுக்கும் ஆயுளில் கிட்டத்தட்ட அதே அளவு நன்மை தெரிந்தது. அப்படிப்பட்டவர் "எனக்குத் தினமும் முடியாது" என்று விட்டுவிட வேண்டியதில்லை. அந்த சனி ஞாயிறு வாராவாரம் வந்தால் அதுவும் தொடர்ச்சிதான்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கதை லண்டன் பஸ்களில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். மாரடைப்பு பெருகிக்கொண்டிருந்தது, காரணம் சரியாகப் பிடிபடவில்லை. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், வேலைக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இருக்குமா என்று தேட ஆரம்பித்தார். அந்த ஊரின் மாடி பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒரே பஸ், ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே ஊர்க் காற்று. டிரைவர் தன் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். மோரிஸின் ஆட்கள் பஸ்ஸில் போய் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தவர்களிலும் உடனே உயிரிழந்தவர்கள் குறைவு.

ஒருவேளை குண்டாக இருக்கிறவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் வருமல்லவா? மோரிஸுக்கும் வந்தது. அவர் செய்த காரியம் அழகானது. நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரியதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ள டிரைவரையும் கண்டக்டரையும் வைத்துப் பார்த்தாலும் கண்டக்டரின் பக்கமே நல்லதாக இருந்தது.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் பயிற்சி என்று நினைத்து ஏறவில்லை. ஒருவரும் 750 படியை ஒரே மூச்சில் ஓடியிருக்க மாட்டார்கள். பத்துப் படி ஏறி, டிக்கெட் கொடுத்து, சில்லறை எண்ணி, இறங்கி, மறுபடி ஏறி, இப்படி வருடக்கணக்கில் சேர்ந்தது அது.

இதோடு நிறுத்தினால் தீவிரத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஏனென்றால் அதே மோரிஸ், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பிரிட்டிஷ் அரசு அதிகாரிகள் ஆயிரக்கணக்கானவர்களை ஆராய்ந்தார். 1973-இல் வந்த அந்த முடிவு வேறு மாதிரி பேசியது. ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக ஏதாவது செய்தவர்களுக்கே இதய நோய் தெளிவாகக் குறைந்திருந்தது. உட்கார்ந்த வேலையில் இருப்பவருக்கு, எப்போதாவது மெல்ல உலாவுவது மட்டும் போதாது என்று அவர் கருதினார். அதே ஆய்வின் தொடர்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. இளமையில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு விட்டுவிட்டவர்களுக்கு அந்தப் பழைய ஆட்டம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. "காலேஜ்ல நான் டிஸ்ட்ரிக்ட் பிளேயர்" என்று சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவர் இன்று மாலையே நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தீவிரத்தின் அசல் வேலை என்ன என்பதை ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் வெளியிட்ட சோதனைகள் காட்டின. சிலரை 10 வாரம், வாரத்தில் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்தார். எல்லோருக்கும் தாங்குதிறன் ஏறியது. அடுத்த 15 வாரத்துக்கு ஏதாவது ஒன்றை மட்டும் குறைத்துப் பார்த்தார். 6 நாளை 4 ஆக, 2 ஆகக் குறைத்தவர்களிடம், உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அப்படியே நின்றது. 40 நிமிடத்தை 26 ஆக, 13 ஆகக் குறைத்தவர்களிடமும் நின்றது. ஆனால் நாளையும் நேரத்தையும் குறைக்காமல் தீவிரத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைத்தபோது அது இறங்கியது. கட்டிய வீட்டைக் காப்பாற்ற, கொஞ்ச நேரம் என்றாலும் கடுமையான பயிற்சி உதவுகிறது. பரீட்சை மாதம், கல்யாண வேலை, வெளியூர்ப் பயணம் என்று நேரமே கிடைக்காத சமயங்களில் இது பெரிய கை கொடுக்கும். வாரத்தில் இரண்டு நாள், சின்னதாக, ஆனால் வழக்கமான வேகத்தில். ஆனால் கட்டிய வீடு என்று ஒன்று முதலில் இருக்க வேண்டும்.

நாலே நிமிடத்தில் உடம்பைத் தேற்றலாம் என்று பிரபலமான தபாட்டா முறையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஜப்பான் ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் சைக்கிள் மிதித்தவர்கள் ஏற்கெனவே நல்ல பயிற்சி பெற்ற இளைஞர்கள். அவர்களும் வாரத்தில் 5 நாள், 6 வாரம் செய்தார்கள். "நாலு நிமிடம்" ஊர் முழுக்கப் பரவியது, "5 நாள், 6 வாரம்" பின்னால் தங்கிவிட்டது.

அப்படியானால் இதுவரை எதுவும் செய்யாத ஒருவர் எப்படி ஆரம்பிப்பது? உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. இது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரத்திலேயே அங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வாரத்தில் ஐந்து நாள், பதினைந்து நிமிட நடை. பேசலாம், பாட முடியாது என்ற வேகம். அவ்வளவுதான் முதல் இரண்டு வாரம். இன்னும் நடக்கலாம் என்று தோன்றும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டு போனால், இரண்டு மாதத்துக்குள் அரை மணி வந்துவிடும். அது வாரத்துக்கு 150 நிமிடம். இடையில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து முறை, கொஞ்சம் ஓய்ந்து இன்னொரு தடவை. "இன்னும் மூன்று என்னால் முடியும்" என்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

ஆறேழு வாரம் விட்டுப்போகாமல் வந்தபிறகு தீவிரத்தைத் துளித்துளியாகச் சேர்க்கலாம். நடையின் நடுவே அரை நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் சாதாரணமாக, இப்படி நாலைந்து முறை. வாரத்தில் ஒரு நாள் போதும். அப்புறம் இரண்டு நாள். உலகத் தரத்தில் ஓடும் நெடுந்தூர வீரர்களே தங்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதத்தை லேசான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று நார்வேயில் பணியாற்றும் விளையாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் சீலர் பல விளையாட்டுகளை ஆராய்ந்து சொல்கிறார். நமக்கும் அந்த விகிதம் போதுமானது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் கடும் பயிற்சிக்குப் போகும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

நான் மறுபடி ஆரம்பித்தபோது, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஜிம்மில் ஒரு மாஸ்டர் இருந்தார். மூன்றாம் நாள், உடம்பு சூடேறிய உற்சாகத்தில் "மாஸ்டர், இன்னொரு செட் போடட்டுமா?" என்று கேட்டேன். டம்பெல்லைக் கையிலிருந்து வாங்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "போதும் தம்பி, நாளன்னிக்கு வரணும்ல" என்றார். வேறு எதுவும் விளக்கவில்லை. அந்த "வரணும்ல" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கடைசியாக, விட்டுப்போவதைப் பற்றி. எல்லோருக்கும் விட்டுப்போகும். ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு வர எவ்வளவு நாளாகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் என்று தெரிந்தது. ஆனால் ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உடம்பும் அப்படியொன்றும் உடனே மறந்துவிடுவதில்லை. எட்வர்ட் கோய்ல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள் முழுவதுமாக நிறுத்தியபோது முதல் 3 வாரத்தில் 7 சதவீதமும், 8 வாரத்தில் 16 சதவீதமும் ஆக்சிஜன் திறன் இறங்கியது. அதன்பிறகு அது அங்கேயே நின்றது. தசை பலம் இதைவிட நிதானமாகத்தான் குறையும்.

காய்ச்சல் வந்து பத்து நாள் போனது என்று வையுங்கள். திரும்பி வரும் முதல் நாள், விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று மனம் அவசரப்படும். அன்றைக்கு மட்டும் முன்பு செய்ததில் பாதியைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் இறங்க முடிந்தால், அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம்.